மஸ்கட்டில் ஆறு மாதம்

தாராபுரம் சாலையில், காற்றாலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோயில் உண்டு. குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்க் கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிவிடுகிற பெண்ணுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் பல் போன கிழவர்கள்கூட அவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நல்லசிவத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒன்பது வருஷத்துக்கு முன்பு கயிறு கட்ட வந்தவர். மனைவி இறந்து, மகள் தாரணியும் கல்யாணமாகி வெளிநாடு போன பிறகு கோயிலிலேயே தங்கி, ஆத்தாவுக்குச் சீடராகிவிட்டார். கயிறு முறுக்குவது அவர் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்பதும் அவர்தான். பேர் என்ன, ஊர் என்ன, குடித்துவிட்டு என்ன செய்தாய். கடைசிக் கேள்விக்கு வாய் திறக்காதவனுக்கு ஆத்தா கயிறு கட்ட மாட்டாள்.

அந்த வாரம் அவர் முறுக்கிய கயிறெல்லாம் பிரிந்துபோயிற்று. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தால் போக இடமில்லை. கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினார். இரண்டு பேரிடம் கடைசிக் கேள்வியைக் கேட்காமலே உள்ளே அனுப்பிவிட்டார்.

ஆத்தா அந்த இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

“செருப்புக்குள்ள முள்ளு ஏறின மாதிரி திரியிறே. என்ன?”

அவர் இடுப்பிலிருந்து மடித்த காகிதக் கத்தையை எடுத்து நீட்டினார். விசா ஃபாரம். தாரணிக்குத் தை மாதம் பிரசவம். அம்மாதான் இல்லை, அப்பாவாவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். எல்லாப் பக்கமும் நிரப்பியாகிவிட்டது. நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. எந்த நாட்டிலாவது, எந்த நீதிமன்றத்திலாவது நீங்கள் தண்டிக்கப்பட்டதுண்டா? ஆமாம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

ஆத்தாவுக்கு அவர் கதை தெரியும். ஒரு காதுகுத்து வீட்டில் கறிவிருந்தும் பிராந்தியுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு, வேனை எடுத்துக்கொண்டு திரும்பினார். எதிரே பால் கேனோடு வண்டியில் வந்த ராக்கியப்பன் என்பவரை இடித்தார். ராக்கியப்பனுக்கு இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நல்லசிவத்துக்கு ஆறு மாதம் ஜெயில். லைசென்ஸ் போயிற்று. பதினெட்டு வருஷம் ஓட்டிய பஸ்ஸும் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னார். வாட்ச்மேன் வேலைக்குப் போனால் போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். தாரணிக்கு வந்த இரண்டு வரன்கள், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள், திரும்ப வரவில்லை. மூன்றாவது வரன் வந்தபோது அவர் மைத்துனர் முந்திக்கொண்டார். அந்த ஆறு மாதமும் மச்சான் மஸ்கட்டில் வேலையாக இருந்தார் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கல்யாணம் நடந்தது. மஸ்கட் ஒட்டிக்கொண்டது. தாரணிக்கு உண்மை தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அந்தப் பிள்ளை பிரியமாகக் கேட்கும், இங்கே ஒரே பனி மாமா, மஸ்கட்டில் வெயில் எப்படி இருந்தது என்று. இவர் யூடியூபில் மஸ்கட்டைப் பார்த்துப் படித்துவைத்துக்கொண்டு பதில் சொல்வார்.

“இல்லைன்னு போட்டுருங்க, யாரு தோண்டிப் பாக்கப்போறாங்கன்னு ஏஜென்ட் சொல்றாருங்க. மாட்டினா ஆயுசுக்கும் அந்த நாட்டுப் பக்கம் போக முடியாது. ஆமான்னு போட்டா விசா கெடைக்குமோ என்னமோ. ஆனா ஃபாரம் மொதல்ல மாப்பிள்ளை கைக்குத்தான் போவும். அவர்தானே கையெழுத்துப் போட்டுக் கூப்பிடுறாரு.”

ஆத்தா காகிதங்களை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“கோர்ட்டுல சொன்னது ஆறு மாசம்தானுங்க ஆத்தா. இருந்துட்டு வந்துட்டேன். ஒன்பது வருஷமா சொட்டுத் தொடலை. அப்புறமும் யாராவது ஒருத்தர் கேட்டுட்டேதான் இருக்காங்க. இந்தக் கேள்வி எப்பத்தானுங்க முடியும்?”

ஆத்தா உள்ளே போய் ஒரு பழைய வேட்டியை எடுத்து வந்தாள். நீளமாகக் கிழித்தாள். அவர் இடது காலை நீட்டச் சொல்லி, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிச் சுற்றினாள். கையில் ஒரு மூங்கில் தடியைக் கொடுத்தாள்.

“கற்பூரம் தீந்துபோச்சு. பஸ் ஸ்டாப் கடை வரைக்கும் போயி வாங்கிட்டு வா.”

“காலு நல்லாத்தானுங்களே இருக்கு.”

“இருக்கட்டும்.”

“யாராவது கேட்டா என்ன சொல்றதுங்க?”

“உனக்கு வாயில வர்றதைச் சொல்லு.”

கோயிலைத் தாண்டி நூறு அடி போவதற்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி நிறுத்தினாள். காலில் என்னவென்று கேட்டாள். சுளுக்கு என்றார். சுளுக்குக்கு இத்தனை துணியா என்று அவள் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடச் சொல்லி, அளவும் சொல்லி அனுப்பினாள். மொபெட்டில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி அதையே கேட்டார். அவருக்கும் சுளுக்குதான். வரப்பில் நின்றவன் கேட்டான். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்கள். மெதுவாகப் போன பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, டிரைவரண்ணே கால் என்னாச்சு என்று கத்தினான். சுளுக்கு என்று இவரும் கத்தினார்.

சுளுக்கு அலுத்துப்போனது. கல் தடுக்கியது என்றார். ரேஷன் கடை வரிசையில் கேட்டவர்களிடம் மாடு முட்டிவிட்டது என்றார். அந்த வரிசையில் மொபெட்காரர் நின்றிருந்தார்.

“ஏனுங்ணா, இப்பத்தானே சுளுக்குன்னீங்க? நடந்து வர்றதுக்குள்ள மாடு வேற முட்டிப்போடுச்சா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. எந்த மாடு, யார் வீட்டு மாடு, கொம்பு சீவின மாடா என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நல்லசிவமும் சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. கற்பூரத்தை வாங்கிக்கொண்டு டீக்கடைப் பெஞ்சில் போய் விழுந்தார்.

கடைக்காரம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரி, இவரை முன்பின் பார்த்ததில்லை. டீயை வைத்துவிட்டு அவளும் கேட்டாள்.

“கால்ல என்னங்ணா?”

அவர் டீயைப் பார்த்தார். இனிமேல் சொல்ல அவரிடம் பொய் மிச்சமில்லை.

“என் காலுக்கு ஒண்ணுமில்லீங்க. குடிச்சுட்டு வண்டி ஓட்டி, இன்னொருத்தர் காலை எடுத்துட்டேன். ஒன்பது வருஷமாச்சு.”

அவள் கை நின்றது. டம்ளரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, பக்கத்து வீட்டில் காய்ச்சலாகக் கிடப்பவரை விசாரிக்கிற மாதிரி, இன்னொன்று கேட்டாள்.

அவரால் டீயைக் குடிக்க முடியவில்லை. அங்கேயே காலில் சுற்றிய துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று திரும்பி நடந்தார். வழியில் யார் கூப்பிட்டார்களோ, காதில் விழவில்லை.

ஆத்தா கற்பூரத்தை வாங்கி வைத்தாள்.

“எத்தனை பேர் கேட்டாங்க?”

“பதினோரு பேருங்க. பத்துப் பேர்கிட்டப் பொய் சொன்னேன். டீக்கடையில மட்டும் நெசத்தைச் சொன்னேன்.”

“அந்தம்மா ஏசுச்சா?”

“இல்லீங்க. அவரு இப்ப எப்படி இருக்காருன்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்னே?”

நல்லசிவம் தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். ராக்கியப்பனின் ஊர் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். பஸ் ஓட்டிய காலத்தில் தினமும் போய்வந்த ஊர். கோர்ட்டில் எதிர் பெஞ்சில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தபோதுகூட இவர் ஜட்ஜின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலீங்க ஆத்தா,” என்றார். “மஸ்கட்டுல எந்தத் தெருவுல என்ன கடை இருக்குன்னு தெரியும். அது தெரியலீங்க.”

“ஃபாரத்தை எடு. அந்தம்மா கேட்டது அதுல எத்தனாவது பக்கத்துல இருக்கு?”

அவர் எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“இல்லீங்க. இதுல எங்கேயும் அதைக் கேக்கலை.”

“அப்ப அது லேசான ஃபாரம்தான்,” என்றாள் ஆத்தா. “உள்ளதை எழுதிக் குடுத்துரு.”