கரிச்சானின் ஐந்தாவது இலை

மருதங்குளத்து மான்களுக்குக் கோடை வந்தால் நாக்கு வறண்டுவிடும். குளத்தில் தண்ணீர் இல்லாமல் இல்லை. நிம்மதியாகக் குடிக்கத்தான் முடியாது.

மர உச்சியிலிருந்து மந்தி ஒரு சத்தம் போடும். மான் கூட்டம் அலறியடித்துக்கொண்டு ஓடும். மந்தி கத்தியது சிறுத்தையைப் பார்த்தா, கழுகைப் பார்த்தா, யாருக்குத் தெரியும்? கழுகு மந்திக் குட்டியைத்தான் தூக்கும், மானிடம் வராது. ஆனாலும் எதற்கு வம்பு என்று எல்லாச் சத்தத்துக்கும் ஓடி, பாதித் தாகத்தோடு வீடு திரும்புவார்கள் பாவம்.

அந்தக் காட்டில் அஞ்சனம் என்றொரு துடுப்புவால் கரிச்சான் குருவி இருந்தாள். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். காட்டுப் பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருஷம். படிப்பை முடிக்கிறவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டறிந்து, தேக்கிலையில் கீறி, குளக்கரைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். அது அங்கே வழக்கம். அஞ்சனம் மந்திப் பேச்சை எடுத்துக்கொண்டாள்.

"பேச்சா? அதுகளுக்கு ஏது பேச்சு? வெறும் கூச்சல்" என்று காடே சிரித்தது.

அவள் சட்டை செய்யவில்லை. ஒரு வருஷம் மந்திகளுக்குப் பக்கத்துக் கிளையிலேயே குடியிருந்தாள். ஒருநாள் காலை, இலை மறைவில் உட்கார்ந்து, மந்திக் குரலில் மெல்ல "கொர்ர்" என்றாள். அவ்வளவுதான். நாற்பது மந்திகளும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தன. குட்டிகளை வாரிக்கொண்டு இலைக்குள் பாய்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து "கக்-கக்" என்றாள். இப்போது நாற்பது தலைகளும் கீழே புதரைப் பார்த்தன.

அஞ்சனத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. இத்தனை காலமும் தலைக்கு மேலே ஒரு பாஷை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தருக்கும் தெரியவில்லையே! அன்று முழுக்க அவளுக்கு இரையே இறங்கவில்லை.

கேட்டதையெல்லாம் கீறினாள். முப்பத்தேழு இலை சேர்ந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு சிங்காரம் என்ற மயிலிடம் போனாள். கூட்டத்தில் இலைகளை உரக்கப் படிப்பது அவன் வேலை.

"என்னம்மா இது, கூடு கட்டப் பொறுக்கினியா?" என்றான் சிங்காரம். "முடிவு மொத இலையில இருக்கு. கேள்வி கடைசியில இருக்கு. நடுவுல உனக்கு றெக்கையில முள்ளு குத்தின கதை வேற. முறை தெரியாதா உனக்கு? அஞ்சே அஞ்சு இலை. என்ன தேடினே? முன்னாடி யார் என்ன சொன்னாங்க? எங்கே, எப்படிக் கேட்டே? என்ன கிடைச்சுது? எது இன்னும் தெரியலை?"

அஞ்சனம் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஐந்து இலை ஆக்கினாள். சிங்காரம் வாங்கிப் படித்தான். நாலாவது இலையில் அவன் தோகை தானாக விரிந்தது. ஐந்தாவதில் சுருங்கியது.

அதில் இப்படி இருந்தது: 'நான் கேட்டதெல்லாம் கீழ்க்கரை மந்திகளை. மேல்கரை மந்திகள் வேறு கூட்டம். அவர்களை மூன்றே தடவை கேட்டேன். மூன்று தடவையும் அர்த்தம் தலைகீழாக இருந்ததுபோல் பட்டது. நிச்சயமாகத் தெரியவில்லை.'

"இதை எதுக்குக் கீறினே?" என்றான் மயில். "விருந்து போட்டுட்டு, கடைசியில பாயசத்துல கல்லு இருக்குன்னு சொல்லுவியா? மூணாவது இலையில 'மருதங்குளத்து மந்திகள்'னு போட்டிருக்கியே, அது பொய்யா?"

"பொய் இல்லை. ஆனா..."

"பொய் இல்லைன்னா விடு."

அவளுக்கும் பாராட்டில் ஆசை இல்லாமலா? ஐந்தாவது இலையைக் கொண்டுபோய்க் கூட்டுக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் கூடியது. சிங்காரம் படித்தான், அஞ்சனம் இரண்டு சத்தத்தையும் சொல்லிக் காட்டினாள். "கொர்ர் என்றால் கழுகு, கக்-கக் என்றால் சிறுத்தை. நூறு தடவை கேட்டதில் தொண்ணூற்றாறு தடவை சரி." பன்றிகள் சேற்றை மறந்து மர உச்சியைப் பார்த்தன. பொட்டம்மா என்ற பெண்மானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத்தனை வருஷமா நம்மகிட்டத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்குதுங்களா!" என்றாள். அவள் குட்டி பிறந்து இரண்டு மாதம். நல்ல தண்ணீர் குடித்து வளராத குட்டி, காது மட்டும்தான் பெரிசு.

கூட்டத்தின் தலைவி பெரியநாச்சி என்ற யானை. அவள் இலைகளை எண்ணிப் பார்த்தாள்.

"நாலுதான் இருக்கு. அஞ்சாவது எங்கேம்மா?"

"தேவைப்படலை ஆத்தா. ஆய்வு அவ்வளவு முழுசு" என்றான் சிங்காரம்.

"நான் அவளைக் கேட்டேன்."

அஞ்சனம் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தாள். காடு கொண்டாடியது.

மறுநாள் காலை அஞ்சனம் கிளையில் உட்கார்ந்து, வருவோர் போவோரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். கீழே பொட்டம்மா குட்டியோடு போனாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"மேல்கரைக்குத்தான். அங்கேதான் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். பயந்துக்கிட்டு இத்தனை நாள் போனதில்லை. இப்போதான் பாஷை தெரியுமே. கொர்ர்னா கழுகு, நிமிராமக் குடிக்கலாம். உன் புண்ணியத்துல என் குட்டி இன்னிக்குத்தான் வயிறு நிறையக் குடிக்கப்போறான்."

அவள் போய்விட்டாள். அஞ்சனத்துக்கு ஐந்தாவது இலை நினைவுக்கு வந்தது. தலைகீழாக இருந்ததுபோல் பட்டது, நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த இலையின் மேல்தானே உட்கார்ந்திருந்தோம்! விழுந்தடித்துக்கொண்டு பறந்தாள்.

மேல்கரையில் தாயும் குட்டியும் தண்ணீரில் வாய் வைத்திருந்தார்கள். மரத்தின் மேல் மந்தி ஒன்று கத்தியது. "கொர்ர்! கொர்ர்!"

பொட்டம்மா நிமிரவே இல்லை. "குடிடா கண்ணு, கழுகுதான்" என்றாள்.

வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. கோரைப்புல் மட்டும் காற்றில்லாமல் அசைந்தது. புல்லுக்குள் சிறுத்தை பதுங்கிக்கொண்டிருந்தது.

அஞ்சனம் தன் குரலில் கத்தவில்லை. கத்தியிருந்தால் 'யாரோ குருவி' என்று மான் சும்மா இருந்திருக்கும். அடிவயிற்றிலிருந்து, அச்சு அசலாகக் கீழ்க்கரை மந்தியாகவே கத்தினாள். "கக்-கக்! கக்-கக்!"

பொட்டம்மா குட்டியை மூக்கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பாய்ந்தாள். சிறுத்தையும் பாய்ந்தது. அதற்குக் கிடைத்தது ஒரு வாய் சேறு.

அன்று மாலை அஞ்சனமே கூட்டத்தைக் கூட்டினாள். கூட்டுக்கு அடியிலிருந்து எடுத்த இலை கசங்கிப் போயிருந்தது. மயிலிடம் கொடுக்காமல் அவளே படித்தாள். 'நிச்சயமாகத் தெரியவில்லை' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். "இது என்கிட்ட இருந்துச்சு. நான்தான் மறைச்சேன்" என்றாள்.

காலையில் மேல்கரையில் நடந்ததையும் சொன்னாள். ஒரே குளம், இரண்டு கரை, இரண்டு பாஷை! முதல் நாளைவிடப் பெரிய பிரமிப்பு அன்று எல்லார் முகத்திலும் இருந்தது. சிங்காரம் தோகையை மடக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

பெரியநாச்சி தும்பிக்கையால் அந்தக் கசங்கிய இலையை வாங்கினாள். மற்ற நாலு இலைக்கும் அடியில் அதை வைத்தாள். "இப்பத்தான் படிப்பு முடிஞ்சுது" என்றாள். "அடுத்த வருஷத்துப் பிள்ளைக்குக் கேள்வியும் கிடைச்சுது."

பொட்டம்மா முன்னால் வந்தாள். அஞ்சனம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து நாலு இலையைக் கேட்டு உன்னைக் கும்பிட்டேன். இன்னிக்குக் காலையில அதால என் குட்டியை இழக்கப் பார்த்தேன்" என்றாள் மான். "இந்த இலையைக் கேட்ட பிறகு சொல்றேன். கீழ்க்கரையில நாளைக்கும் உன் சொல்லை நம்பித்தான் குடிப்பேன்."

தெரிந்ததைச் சொன்னால் ஊர் வியக்கும். எதுவரை தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஊர் பிழைக்கும்.