ஒரு இடம் மட்டும் மின்னிய கிட்டார்

"பதினஞ்சு நாளா வெறுந்துணியால தொடைக்கச் சொல்லுதீங்களே டீச்சர், பாலிஷை எப்பதான் கண்ணுல காட்டப் போறீங்க?"

கேட்டவர் சங்கரமூர்த்தி. தூத்துக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் முப்பது வருஷம் குத்துவிளக்கு தேய்த்து ஓய்ந்த மனுஷர். அவர் டீச்சர் என்றது கிட்டார் ரிப்பேர் பார்க்கும் பியூலாவை. வயசில் அவருக்கு மகள் மாதிரி. அதனாலென்ன, தெரிந்தவரிடம்தானே கேட்டுப் படிக்க முடியும்!

தரையில் உட்கார்ந்திருந்தவர் மடியில் இருந்தது அவருடைய மகள் தேவசேனாவின் கிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, "வீடா இது, சந்தையா?" என்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவள் கிட்டாரைப் போட்டது போட்டபடி சென்னைக்கு ரயிலேறிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். கிட்டாரை எடுக்க மட்டும்.

மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பளபளவென்று ஆக்கிக் கையில் கொடுத்தால் பிள்ளைக்குப் புரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை, பாவம்.

"இது மின்னுற ரகம் இல்லய்யா," என்றாள் பியூலா. "மங்கலாவே பூச்சு கொடுத்தது. பாலிஷ் போட்டா திட்டுத் திட்டா நிக்கும். தூசியைத் தொடைச்சா போதும்."

அவர் கை மெல்லச் சட்டைப்பைக்குள் போனது. ஒரு பொட்டலம் வெளியே வந்தது.

"என்னது அது?"

"விபூதி. எத்தனை விளக்கை மின்ன வச்சிருக்கேன்!"

"ஐயையோ, உள்ள வைங்க! அது பித்தளைக்கு. பூச்சைக் கீறி நாசமாக்கிரும்."

சங்கரமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிட்டாரை அவள் முன்னால் நீட்டினார்.

"பின்ன இந்த இடம் மட்டும் கண்ணாடியா மின்னுதே? இதுக்கு என்ன பாலிஷ் போட்டாவ? அதைச் சொல்லுங்க, எல்லா இடத்துலயும் போடுதேன்."

மேல் விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு மின்னிக்கொண்டிருந்தது.

பியூலா எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

"உக்காருங்க. வாசிக்கிற மாதிரிப் பிடிங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"சும்மா பிடிங்க. வலது கையைக் கம்பிக்குக் கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். முழங்கைக்குக் கீழே அவர் கை, சரியாக அந்த இடத்தில் போய்ப் படிந்தது.

"உங்க மக எத்தனை வருஷம் வாசிச்சா?"

"எட்டாம் வகுப்புல தொடங்கினா. ஒன்பது வருஷம் இருக்கும்."

"அத்தனை வருஷம் அவ கை உரசுன இடம்யா அது," என்றாள் பியூலா. அவர் கையை எடுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

பிறகு நிமிர்ந்தார்.

"உங்க போனைக் கொஞ்சம் தாங்க டீச்சர். என் நம்பரைப் பார்த்தா எடுக்கமாட்டா."