ஆறா, எட்டா?

கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர்களைக் கோவையில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எஸ்தர் மாஸ்டர் சொல்லித் தந்தது வேகமான வண்டிகளை அடக்கி ஓட்டுவதற்கு. தடாகம் என்ற ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில், மூடிப்போன நூற்பாலை ஒன்றின் சிமெண்டு முற்றம்தான் வகுப்பு. படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். ஒரு பகல் முழுக்க அவளோடு மலைப்பாதையில் சுற்றிவிட்டு வந்த ஒருவர், கீழே இறங்கி, "மாஸ்டர் என்கூட வந்தாங்களா?" என்று கேட்டதாக ஒரு பேச்சு உண்டு.

பிரபாவதி அவளிடம் படித்தவள். வயது ஐம்பது. வெட் கிரைண்டர் கம்பெனி நடத்தினாள். அப்பா, கணவர், மகன் என்று யார் யாரோ பிடித்து வாங்கிய கார்களில்தான் இதுவரை உட்கார்ந்து போயிருக்கிறாள். அவளே வாங்கியவை எல்லாம் கம்பெனிக்கு லோடு ஏற்றுகிற வண்டிகள். தனக்கென்று ஒரே ஒரு வண்டி, தானே பார்த்து, தானே பிடித்து வாங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இரண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று வாங்கப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பழைய சொகுசு கார்கள் விற்கும் ஷோரூம் ஒன்றில், தேடிய வண்டி இரண்டாகவே கிடைத்தது. ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம். ஒன்றில் ஆறு சிலிண்டர் எஞ்சின், மற்றதில் எட்டு. ஆறைப் போன வாரமே ஓட்டிப் பார்த்துவிட்டாள். வந்து எஸ்தரிடம், "நெனைக்கறதுக்குள்ள திரும்பிருதுங்க மாஸ்டர்" என்று சின்னப் பெண்போலச் சிரித்தாள். எட்டையும் ஓட்டிப் பார்த்து, இன்று சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள்.

இன்று இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்துக்குள் வந்தன. எட்டை ஓட்டி வந்தவள் பிரபாவதி. பக்கத்தில் ஷோரூம் இளைஞன் தரணீஷ் உட்கார்ந்திருந்தான். ஆறை ஓட்டி வந்தவர் அவளுடைய டிரைவர் சென்னியப்பன்.

பிரபாவதி இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"மாஸ்டர், இந்த அநியாயத்தக் கேளுங்க."

எஸ்தர் ஃபிளாஸ்க்கைத் திறந்து, டீயை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா."

"போன வாரம் இருந்தவரு இல்ல. இன்னிக்கு இந்தப் பையன். உள்ள போனதும், 'சார் வரலீங்களா'ன்னு கேக்கறான். எந்தச் சாரு? வாங்கறது நானு. சரி, விடுன்னு விட்டேன். பானெட்டைத் தொறந்தான். கேள்வி கேக்கறது நானு, பதிலச் சென்னியப்பன் அண்ணனுக்குச் சொல்றான்! அவரு பாவம், என்னையப் பாக்கறாரு, தரையப் பாக்கறாரு."

சென்னியப்பன் இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட லைசென்ஸ் கேட்டான். முன்னையும் பின்னையும் திருப்பிப் பாத்தான். அண்ணன்கிட்ட ஒண்ணுமே கேக்காமச் சாவியத் தூக்கிக் குடுத்தான்."

"ம்."

"இத்தன வருசமா மோட்டார் செஞ்சு விக்கறவ நான்னு சொன்னேன். 'கிரைண்டருங்களா மேடம்? இது மாவாட்டற மோட்டார் இல்லீங்க'ன்னு சிரிக்கறான். எட்டு சிலிண்டர் சாருங்க ஓட்டறதாமா. லேடீஸுக்கு ஆறே தாராளமாமா!"

எட்டின் பானெட்டைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டிருந்த தரணீஷ், "நல்லதுக்குத்தானுங்க மேடம் சொன்னேன்" என்றான்.

பிரபாவதி அவன் பக்கம் திரும்பவில்லை. எஸ்தரின் எதிரே போய் நின்றாள்.

"உங்களுக்கு வண்டியும் தெரியும், என்னையும் தெரியும். ஒரே வார்த்தையில சொல்லுங்க மாஸ்டர். ஆறா, எட்டா?"

எஸ்தர் டம்ளரை நீட்டினாள்.

"ஆறுங்க."

"பாத்தீங்களா மேடம்!" என்றான் தரணீஷ். "மாஸ்டரே சொல்லிட்டாங்க."

பிரபாவதி டம்ளரை வாங்கவில்லை.

"நீங்களுமா?" என்றாள். "அவன் சொன்னதக்கூடப் பொறுத்துக்குவேன். பயப்படாதீங்க, மிதிங்கன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. எனக்கு எட்டு ஆகாதுன்னு நீங்களே சொல்றீங்களா? அதுவும் அந்தப் பையன் எதிர்ல?"

எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்தாள். எட்டின் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"ஓட்டுங்கக்கா."

ஆனைகட்டி மலைப்பாதையில், வண்டியைக் கொண்டு யாரையோ அடிப்பதுபோல ஓட்டினாள் பிரபாவதி. எஞ்சின் உறுமியது. பாறைச் சுவர் அந்த உறுமலைத் திருப்பி அனுப்பியது.

"வளைவுல வண்டி மூக்கு எப்படித் திரும்புதுங்க?" என்று எஸ்தர் கேட்டாள்.

"மாவாட்டற மோட்டாராமா! அவங்கம்மா இட்லிக்கு எதுல மாவாட்டறாங்களாமா?"

அடுத்த வளைவு வந்தது.

"பிரேக் எப்படி இருக்குதுங்க?"

"லைசென்ஸத் திருப்பித் திருப்பிப் பாக்கறான். கள்ள நோட்டா அது?"

எஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"ஆறு எடுத்தா அவன் சொன்னது நெசமாயிரும் மாஸ்டர். செத்தாலும் எடுக்க மாட்டேன்."

"வண்டி யாரு வீட்டுக்குப் போகுதுங்க?"

"எங்க வீட்டுக்கு."

"ம்."

மேலே, பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் பிரபாவதி வண்டியை ஓரங்கட்டினாள். எஞ்சினை நிறுத்தக் கை போனது. எஸ்தர் அந்தக் கையைத் தடுத்தாள்.

"இவ்வளவு மிதிச்சதுக்கப்பறம் உடனே நிறுத்தக் கூடாதுங்கக்கா. சூடு எறங்கட்டும்."

இருவரும் இறங்கி நின்றார்கள். பானெட்டின் மேல் காற்று நெளிந்தது. உள்ளே மின்விசிறி ஓங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிரபாவதி மறுபடி ஆரம்பித்தாள். சார் வரலீங்களா என்றதைச் சொன்னாள். லைசென்ஸைச் சொன்னாள். எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு முதலிலிருந்து சொன்னாள். அதையும் எஸ்தர் கேட்டாள். சொல்லச் சொல்லக் கதை சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மாவாட்டற மோட்டார் என்ற ஒன்றுதான் மிஞ்சியது. அதை மட்டும் தனியாகச் சொல்லிப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மின்விசிறி நின்றது. எஞ்சின் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஒரு மயில் அகவியது. பிரபாவதி ஜன்னல் வழியே கை நீட்டி எஞ்சினையும் நிறுத்தினாள்.

வந்த பாதையைப் பார்த்துவிட்டு, "இது முன்னாடி கனமுங்க மாஸ்டர்" என்றாள். "வளைவுல நான்தான் இழுத்துட்டு வர வேண்டியிருக்குது. எறக்கத்துல தெரியும் பாருங்க."

இறக்கத்தில் தெரிந்தது.

முற்றத்துக்கு வந்ததும் பிரபாவதி சென்னியப்பனிடம் கை நீட்டி ஆறின் சாவியை வாங்கினாள். எஸ்தர் கூடப் போகவில்லை. அதே பாதையில் தனியாகப் போய்த் திரும்பி வந்தபோது, பிரபாவதியின் முகத்தில் போன வாரத்துச் சிரிப்பு இருந்தது.

"இதுதான்" என்றாள் தரணீஷிடம். "ஆறு."

தரணீஷ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "நான் அப்பவே சொன்னேனுங்களே மேடம். லேடீஸுக்கு…"

"தம்பி."

குரல் உயரவில்லை. ஆனாலும் அவன் நிறுத்திவிட்டான்.

"முன்னாடி கனம் இல்ல, நெனைக்கறதுக்குள்ள திரும்புது, அதனால எடுக்கறேன். அந்தப் பானெட்டை நானும் தொறந்து பாத்தேன். உள்ள லேடீஸும் இல்ல, சாரும் இல்ல. இப்ப அண்ணன்கிட்ட லைசென்ஸ் கேளுங்க."

"எதுக்குங்க மேடம்?"

"எங்கிட்ட எதுக்குக் கேட்டீங்களோ, அதுக்கு."

சென்னியப்பன் சட்டைப் பையைத் தடவினார். பேண்ட் பையைத் தடவினார். "வீட்டுல இருக்குதுங்கம்மா" என்றார்.

"அப்ப எட்டை ஷோரூமுக்கு நீங்கதான் ஓட்டிட்டு வரணும் தம்பி."

தரணீஷ் எட்டைப் பார்த்தான். மலைப்பாதையைவிட்டு வந்த பின்னும் அதன் டயர்களில் ரப்பர் வாடை அடித்தது. "நானுங்களா? எனக்கு அது அவ்வளவா…"

"ஏனுங்க, சாருங்க ஓட்டறதுதானே?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். சென்னியப்பன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மறக்காமல் பெல்ட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

பிரபாவதி உடனே கிளம்பவில்லை. எஸ்தர் மீதி டீயை டம்ளரில் ஊற்றி ஆற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு மட்டும் மனசுல உறுத்துது மாஸ்டர். கடைசில நீங்க சொன்ன வண்டியவே எடுத்துட்டேன், அது வேற. ஆனா நான் அவ்வளவு கோவத்துல, வேகாளத்துல வந்து நிக்கறேன். அந்த நேரத்துல, எடுத்த எடுப்புல, 'ஆறுங்க'ன்னு எப்படிச் சொன்னீங்க?"

எஸ்தர் டம்ளரை நீட்டினாள்.

"வண்டியப் பத்தி நான் இன்னும் வாயே தொறக்கலீங்களேக்கா."