கெட்டித்தாள் சீட்டு

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியரசின் கொடி பறந்த காலம். ஊர்ச்சபைத் தேர்தலில் மிராசுதார் அய்யாவு நின்றார். அவர் நிலத்தில் குடியிருந்த குடிசைக்காரர் மனசெல்லாம், அவரை எதிர்த்து நின்ற, சேரிப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கச் சொன்ன வாத்தியார் தேவசகாயத்தின் பக்கம். அது அய்யாவுக்கும் தெரியும்.

"நான் கொடுக்கிற கெட்டித்தாள் சீட்டை ஊர் பார்க்க உயர்த்திப் பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பெட்டியில போடணும். ஒருத்தன் தப்பினாலும் இருபது குடிசையையும் பிரிச்சுடுவேன்" என்றார்.

அந்த நாளில் ஓட்டுச்சீட்டை வெளியிலிருந்தே கொண்டுவரலாம்; பெயரைப் பிரெஞ்சில் கையால் எழுத வேண்டும். அய்யாவுக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. அவர் நெற்களத்தைக் கூட்டும் பிலோமினா கன்னியர் மடத்தில் படித்தவள். அவள் குடிசையும் அந்த இருபதில் ஒன்று.

"பொம்பளைக்குத்தான் ஓட்டு கிடையாதே, உன்னை நம்பலாம். என் பேரை எழுது."

மடியில் குழந்தையோடு அவள் அத்தனை சீட்டையும் எழுதினாள்.

வெள்ளைக்கார அதிகாரி பெட்டியைத் திறந்து வாசித்தார். கெட்டித்தாள் ஒவ்வொன்றிலும் தேவசகாயம்.

"மோசடி துரை, அதெல்லாம் என் சீட்டு" என்று அய்யாவு எழுந்தார்.

"குடியரசில் ஓட்டு ரகசியம். உம்முடையது என்று எப்படித் தெரியும்? நீர்தான் கொடுத்தீரா?"

கொடுத்தேன் என்றால் சிறை. "தெரியாதுங்க" என்று அய்யாவு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "குடிசையைப் பிரிக்க ஆளைக் கூப்பிடு" என்று கத்தினார்.

வாசலில் நின்ற பிலோமினா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எதுக்குங்கய்யா? நீங்க கொடுத்த சீட்டைத்தானே எல்லாரும் ஊர் பார்க்கத் தூக்கிட்டுப் போய்ப் போட்டாங்க. ஒருத்தரும் தப்பலையே. வேணும்னா துரைகிட்ட நானே வந்து சொல்றேன்."

"ஆளைக் கூப்பிட வேண்டாம்" என்றார் அய்யாவு.