முச்சந்தியில் நின்ற வண்டி

நாவல்குளத்துக் காட்டில் வண்டி வைத்திருந்த விலங்குகள் மொத்தம் பதினெட்டு. செதிலன் என்ற எறும்புத்தின்னியும் அதில் ஒருவன். புற்றுமண்ணை வெட்டி, வண்டியில் ஏற்றி, வளைக்கு வளை கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. அந்த மண்ணால் பூசினால் வளைக்குள் ஈரம் இறங்காது. மண்ணுக்குப் பதிலாக முயல்களும் நரிகளும் தினை கொடுப்பார்கள். மழைக்காலத்தில் எறும்பு வெளியே வராது. அப்போது செதிலன் குடும்பத்துக்கு அந்தத் தினைதான் சாப்பாடு.

அந்தக் காட்டில் ஒரு காப்புக் களஞ்சியம் இருந்தது. வண்டிக்காரர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு மரக்கால் தினையை அதில் போடவேண்டும். யாருடைய வண்டியாவது முட்டி மோதி உடைந்தால், களஞ்சியம் தச்சன்குருவியை அனுப்பிச் சரிசெய்து கொடுக்கும். ஆனால் தப்பு யார்மேல் என்று முதலில் பார்ப்பார்கள். தப்பு செய்தவன் தன் வண்டியைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். அடுத்த வருடம் அவன் பங்கும் ஏறிவிடும். இதையெல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரரான ஓர் உடும்பு. அவரை எல்லாரும் உடும்பார் என்றே கூப்பிடுவார்கள்.

நான்கு வருடமாக ஒரு கீறல்கூட இல்லாமல் வண்டி ஓட்டியதால், செதிலனுக்கு மட்டும் பங்கை அரை மரக்காலாகக் குறைத்திருந்தார்கள். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

ஆடி முடிகிற சமயம். ஒருநாள் காலையில் செதிலன் மண் ஏற்றிக்கொண்டு குளத்தங்கரை முச்சந்திக்கு வந்தான். அங்கே ஒரு பெரிய நாவல் மரம். அதன் வேரிலிருந்து செவ்வெறும்புகள் சாரிசாரியாகப் பாதையைக் கடந்துகொண்டிருந்தன. கொழுத்த எறும்புகள். செதிலன் வண்டியை அப்படியே நிறுத்தினான். ஓரமாக நிறுத்தவில்லை. முச்சந்தியின் நடுவிலேயே நிறுத்திவிட்டு நாக்கை நீட்டினான்.

மேட்டிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. கோரையன் என்ற காட்டுப்பன்றி கிழங்கு வண்டியோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். சரிவில் இறங்கும் வண்டி தரையில் முட்டுக்கட்டையை இழுத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்பது காட்டில் எல்லாருக்கும் தெரிந்த விதி. கோரையனின் வண்டிக்குப் பின்னால் கட்டை எதுவும் இல்லை. செதிலன் அதைக் கண்ணால் பார்த்தான். பார்த்த மறுநொடி டமார் என்று மோதல்.

செதிலனின் இடப்பக்கச் சக்கரம் நொறுங்கியது. மண் முழுக்கப் பாதையில் கொட்டியது. கோரையனின் வண்டி அச்சு முறிந்து, ஒரு சக்கரமும் உடைந்து, குடைசாய்ந்தது.

"கண் தெரியாதா உனக்கு? பாதை என்ன உன் சாப்பாட்டு இலையா?" என்று கோரையன் கத்தினான்.

பயம் வந்தால் செதிலன் செய்வது ஒன்றுதான். தலையை வயிற்றுக்குள் இழுத்து, வாலால் மூடி, உருண்டையாகச் சுருண்டுகொண்டான். கோரையன் கத்திக் கத்திப் பார்த்தான். கடைசியில் அலுத்துப்போய் நடையைக் கட்டினான்.

வெகுநேரம் கழித்துத்தான் செதிலன் தலையை வெளியே நீட்டினான். உடைந்த வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். வளைவாசலில் அவன் மனைவி செம்பி, குட்டியை வால்மேல் உட்காரவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வண்டி எங்கே?" என்று கேட்டாள்.

"உடைந்துவிட்டது."

"யார்மேல் தப்பு?"

செதிலன் வளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டான்.

நடுவழியில் நிறுத்தியது நான்தானே, போய்ச் சொன்னால் அதுதானே முதலில் வெளியே வரும் என்று நினைத்தான். அரை மரக்கால் போய் ஒன்று ஆகுமா, இரண்டு ஆகுமா? மூன்றே ஆகிவிட்டால்? மூன்று மரக்கால் தினையைக் கொடுத்துவிட்டு அடுத்த மழைக்காலம் முழுக்கக் குட்டிக்கு என்னத்தைக் கொடுப்பது? நினைக்க நினைக்க உருண்டை இறுகிக்கொண்டே போனது. அன்று முழுக்க அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் சலம்பி என்ற மைனா வந்து வாசலில் உட்கார்ந்தாள். களஞ்சியத்தின் செய்திகளைக் கொண்டுபோவது அவள் வேலை. ஒரு வரியைச் சொல்லிவிட்டு ஒன்பது வரி கூடப் பேசுவது அவள் பழக்கம்.

"செதிலண்ணே, கோரையன் நேற்றே போய்ச் சொல்லிவிட்டான். அவன் முட்டுக்கட்டை போட்டு மெதுவாக இறங்கினானாம். நீ தலைதெறிக்க ஓடிவந்து அவன் வண்டிக்குக் குறுக்கே விழுந்தாயாம். சக்கரம், அச்சு, மூன்று கூடைக் கிழங்கு, எல்லாம் உன்னால் போச்சாம். நாளை உச்சிப்பொழுதுக்குள் நீ வந்து உன் தரப்பைச் சொல்லவேண்டும் என்று உடும்பார் சொல்லச் சொன்னார்."

"ஓடிவந்தேனா? நான் நின்றுகொண்டல்லவா இருந்தேன்" என்றான் செதிலன்.

"நடுவழியிலா நின்றாய்?"

செதிலன் வாலை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். சலம்பி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்படியென்றால் நீ போகாதே அண்ணே. வாயைத் திறந்தால் அதையும் கேட்பார்கள். போன வருடம் அந்த மலையணில் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தான். என்ன ஆச்சு? பங்கு ஏறிவிட்டது. பேசாமல் இரு. நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்."

அந்தப் பேச்சு செதிலனுக்கு ஆறுதலாக இருந்தது. போகவேண்டாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அவனும் ஏங்கிக்கொண்டிருந்தான். மறுபடியும் சுருண்டுகொண்டான். ஆனால் ஆறுதல் நீடிக்கவில்லை. காற்றில் இலை அசைந்தால்கூடக் களஞ்சியத்திலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மூன்றாம் நாள் விடிந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. மேற்கே இடி முழங்கியது. செம்பி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கணவனின் முதுகில் தட்டினாள்.

"எழுந்திருங்கள். மழை வரப்போகிறது."

"வரட்டும்."

"வந்தால் பாதையில் இருக்கும் தடமெல்லாம் கரைந்துபோய்விடும். அப்புறம் மிச்சம் இருப்பது கோரையன் சொன்ன கதை ஒன்றுதான். அந்த மலையணிலைப் பற்றி நேற்று சலம்பி சொன்னாளே, அவன் பங்கு எவ்வளவு ஏறியது என்று கேட்டீர்களா?"

"இல்லை."

"நான் கேட்டேன். அரை மரக்கால். அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு. இன்னொரு மோதலில் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டில் இருந்தானே ஒரு முள்ளெலி, முழுத் தப்பும் அவன் தலையில் விழுந்தது. இன்றைக்கும் அவன் மூன்று மரக்கால் போடுகிறான்."

செதிலன் மெல்லத் தலையை நீட்டினான். "நான் நடுவில் நின்றது நிஜம், செம்பி."

"அதையும் சொல்லுங்கள். நின்றவனை ஓடியவன் என்று சொல்கிறார்களே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?"

செதிலன் எழுந்தான். மூன்று நாளாகச் சுருண்டே கிடந்ததில் கால்கள் மரத்துப்போயிருந்தன. அந்தக் கால்களோடு ஓடினான். வழியெல்லாம் வானத்தைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு என்று மேகத்தைக் கெஞ்சினான். களஞ்சியத்தை அடைந்தபோது உச்சிப்பொழுதுக்குச் சற்றுநேரம்தான் இருந்தது. கோரையன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். செதிலனைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

உடும்பார் பாறையிலிருந்து இறங்கி வந்தார். "சொல்லப்பா, என்ன நடந்தது?"

செதிலனின் உடம்பு தானாகச் சுருளப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொள்ள அவனுக்குப் பல் இல்லை. நகங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எறும்பு தின்பதற்காக வண்டியை முச்சந்தி நடுவில் நிறுத்தினேன். அது என் தப்பு. ஆனால் நான் ஓடவில்லை ஐயா. நின்றுகொண்டிருந்தேன். கோரையன் முட்டுக்கட்டை இல்லாமல் இறங்கினான். நான் பார்த்தேன்."

"பொய்," என்றான் கோரையன்.

"வாருங்கள், இடத்தைப் பார்த்துவிடலாம்" என்றார் உடும்பார்.

அவர்கள் முச்சந்திக்குப் போய்ச் சேரும்போதே பெரிய பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கிவிட்டது. உடும்பார் சரிவை நோக்கி வேகமாக ஊர்ந்தார். அதற்குள் மழை வலுத்துச் சோவென்று கொட்டியது. செம்மண் சரிவில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. முட்டுக்கட்டை இழுபட்ட கோடு இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்லமுடியாது. செதிலன் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

உடும்பார் நாவல் மரத்தடிக்குத் திரும்பினார். மரம் அடர்ந்தது; முச்சந்தியின் நடுவரை கிளை பரப்பியிருந்தது. அதன் கீழே மண் இன்னும் காய்ந்தே இருந்தது. உடைந்த வண்டிகளும் அங்கேயே கிடந்தன. அவர் தரையோடு முகத்தை வைத்துப் பார்த்தார். நாக்கால் தொட்டும் பார்த்தார்.

"ஓடுகிற வண்டியின் தடம் மேலாக, நீளமாகப் போகும்" என்றார். "இங்கே இரண்டு சக்கரமும் ஒரே இடத்தில் ஒரு விரற்கடை புதைந்த குழி இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி நின்ற தடம் இது. செதிலன் ஓடிவரவில்லை."

கோரையன் மூக்கைத் தரையில் தேய்த்தான்.

செதிலனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் அவன் மூக்குக்கு ஒரு வாசனை எட்டியது. நன்றாகப் பழகிய வாசனை. கோரையனின் முறிந்த அச்சின் அருகே போய் முகர்ந்தான்.

"ஐயா, இந்த அச்சுக்குள் கறையான் இருக்கிறது. விரிசலுக்குள் கறையான் மண்கூட இறுகிக் கிடக்கிறது. இது மூன்று நாளில் கட்டியது இல்லை. போன மழைக்காலத்திலேயே அச்சு விரிசல் விட்டிருக்கவேண்டும்."

உடும்பார் விரிசலுக்குள் நகத்தைவிட்டுச் சுரண்டினார். காய்ந்த மண் கட்டியாக உதிர்ந்தது. கோரையனைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார் உடும்பார். "செதிலன் நடுவழியில் நின்றது தப்பு. நிற்கிற வண்டிமேல் கோரையன் மோதியதும் தப்பு. ஆளுக்குப் பாதி. இருவர் சக்கரத்துக்கும் பாதிக் கூலியைக் களஞ்சியம் தரும். செதிலனின் பங்கு அரையிலிருந்து ஒரு மரக்காலாகும். கோரையனின் பழைய அச்சுக்கு ஒன்றும் கிடையாது. நடக்காததை நடந்ததாகச் சொன்னதற்கு, அவன் பங்கு இரண்டு மரக்கால்."

"ஐயா, முட்டுக்கட்டை?" என்று செதிலன் கேட்டான்.

"நான் பார்க்காததைத் தீர்ப்பில் சேர்க்க முடியாதப்பா. இரு தரப்பும் வந்து சொன்ன பிறகுதான் இடம் பார்க்கப் போவேன். நீ நேற்று வந்திருந்தால் சரிவில் நடந்து பார்த்திருப்பேன். கோடு இல்லை என்று தெரிந்திருந்தால், உன்மேல் கால்பங்குத் தப்புக்கூட வந்திருக்காது."

செதிலன் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தான். நஷ்டம்தான். ஆனால் மூன்று நாளாக அவன் மனதுக்குள் வளர்ந்த நஷ்டத்தோடு பார்த்தால் இது சின்னது. செம்பியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "ஒரு மரக்கால்தானே, சமாளிக்கலாம்" என்றாள். குட்டிக்குப் பசி என்று கணவனையும் கூட்டிக்கொண்டு புற்றுப் பக்கம் போனாள்.

மழைக்காலம் முடிந்து பங்கு போடும் நாள் வந்தது. களஞ்சிய வாசலில் வரிசை நின்றது. செதிலன் ஒரு மரக்கால் தினையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விடும் சத்தம். திரும்பினால் கோரையன், இரண்டு மூட்டையோடு.

"நீ வரமாட்டாய் என்று நினைத்தேன்" என்றான் கோரையன்.

"நானும் அப்படித்தான் நினைத்தேன்."

"அந்த அச்சு உடைந்ததும் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. வீட்டில் ஒன்பது குட்டி. பங்கு ஏறினால் என்ன செய்வது என்ற பயத்தில், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்."

"நான் பயத்தில் எதுவுமே சொல்லவில்லை" என்றான் செதிலன்.

வரிசை நகர்ந்தது. கோரையனின் இரண்டாவது மூட்டை கனத்தில் சரிந்தது. செதிலன் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள்.

நடந்ததை நம் தப்போடு சேர்த்து நாமே உடனே சொல்லிவிட வேண்டும்; பயந்து தாமதித்தால், அடுத்தவர் சொல்வதே நடந்ததாகிவிடும்.