புகைக்கு ஒரு கோணம்

அநியாயம் நடந்தது கயூமோ ஆற்றின் மேற்குக் கரையில் வாழ்ந்த மபூச்சே பழங்குடி மக்களுக்கு. நில அலுவலகம் அவர்களுடைய பள்ளத்தாக்கை ஆளில்லாத இடம் என்று அறிவித்து, கப்பலில் வந்திறங்கியவர்களுக்குக் கூறுபோட்டுக் கொடுத்துவிட்டது. ஆளே இல்லாத இடத்தைக் காலி செய்யச் சிப்பாய்கள் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடுகள் எரிந்தன.

அலுவலகம் காட்டிய சான்று ஒரு வரைபடம். வரைந்தவர் ரைன்ஹோல்ட் டெஸ்மர். ஜெர்மனியில் அரசனை எதிர்த்துப் பேசிவிட்டு, இருக்க முடியாமல் தென் சிலிக்கு வந்து சேர்ந்த புவியியலாளர். நிலம் அளப்பதுதான் இங்கே அவருக்குப் பிழைப்பு.

அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த இனேஸ் சேதி கேட்டு ஓடி வந்தாள்.

“ஐயா, ஆளில்லை என்று எழுதினீர்களா?”

“இல்லை. எதுவும் எழுதவில்லை. வெள்ளையாக விட்டேன்.”

“ஏன்?”

“ஆற்றங்கரையில் ஒரு பெண் நிறுத்தினாள். தலைவர் வெளியே போயிருக்கிறார், அவர் வந்து கூப்பிட்டால்தான் அக்கரைக்குப் போகலாம் என்றாள். வறுத்த பைன் கொட்டை கொடுத்தாள். தின்றுவிட்டுத் திரும்பினேன். கால் வைக்காத இடத்தை நான் வரைவதில்லை. உனக்கும் அதைத்தானே சொல்லித் தந்தேன்?”

“அக்கரையில் வீடுகள் இருந்தது தெரியுமா, தெரியாதா?”

“புகை தெரிந்தது.”



“புகையைப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன். அளக்கவில்லை.”

சுவரில் அந்த வரைபடத்தின் நகல் தொங்கியது. பனிமலை மேல் அவள் விரலை வைத்தாள்.

“இந்தச் சிகரத்தில் ஏறினீர்களா?”

“இதுவரை யாரும் ஏறியதில்லை.”

“பிறகு உயரம் எப்படி எழுதினீர்கள்?”

“இது என்ன கேள்வி? தூரத்தில் கருவியை வைத்துக் கோணம் எடுத்துக் கணக்கிட்டேன். நீதானே பக்கத்தில் நின்றாய்.”

“மலைக்குத் தூரத்திலிருந்து எடுத்த கோணம் போதும். புகைக்கு மட்டும் போதாதா, ஐயா?”

டெஸ்மர் எழுந்து வந்து வரைபடத்தின் வெள்ளை இடத்தை விரலால் தொட்டார்.

அலுவலகத்துக்கு அவர் அடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது நகர வரைபடம். அது முடிந்ததும் இனேஸையும் கூட்டிக்கொண்டு நில அதிகாரி தோன் எவாரிஸ்தோவிடம் போனார்.

அதிகாரி தாளை விரித்தார். தேவாலயம், சந்தை, குதிரை லாயம், கசாப்புக் கடைக்குப் பின்னாலிருக்கும் பாழுங்கிணறு, எல்லாம் இருந்தன. சதுக்கத்தின் மூலையில் ஓரிடம் மட்டும் வெள்ளை.

“என் வீடு எங்கே ஐயா?”

“அங்கே ஆளில்லை போலிருக்கிறது.”

“என்ன விளையாட்டு இது? நான், என் மனைவி, பிள்ளைகள், எல்லாரும் அங்கேதானே இருக்கிறோம்! போகும்போதும் வரும்போதும் பார்க்கிறீர் அல்லவா?”

“பார்க்கிறேன். உள்ளே வாருங்கள் என்று நீங்கள் கூப்பிட்டதில்லை. கால் வைக்காத இடத்தை நான் வெள்ளையாக விடுவேன். வெள்ளையாக இருந்தால் ஆளில்லை என்று வாசிப்பவர் நீங்கள்தான்.”

எவாரிஸ்தோவின் முகம் சிவந்தது. தாளைச் சுருட்டி மேசை மேல் எறிந்தார்.

“அதுவும் இதுவும் ஒன்றா? இப்போதே போய் என் வீட்டைச் சேர்த்துக்கொண்டு வாரும்!”

தெருவுக்கு வந்ததும் இனேஸால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நன்றாகக் கொடுத்தீர்கள், ஐயா! மனிதருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.”

டெஸ்மர் சதுக்கத்தை நோக்கி நடந்தார். சதுக்கத்தின் மூலையில், அதிகாரியின் வீட்டுக்கு எதிரே நின்றார். ஜன்னலில் பிள்ளைகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. சமையல் புகை கூரைக்கு மேலே எழுந்துகொண்டிருந்தது. அவர் தாளைக் கைப்பிடிச் சுவரில் விரித்து, பென்சிலை எடுத்து வீட்டை வரையத் தொடங்கினார்.

“என்ன ஐயா இது? அவ்வளவு பேசிவிட்டு, அவர் அதட்டியதும் வரைந்து கொடுத்துவிடுவீர்களா?”

“இதை இன்றைக்கும் வரையலாம், அடுத்த வருஷமும் வரையலாம், இனேஸ். இந்த வீடு இருக்கிறது; அக்கரையில்தான் வரைய ஒன்றும் இல்லை.”