புது முகத்துக்கு ஒரு தொன்னை நாவற்பழம்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார் என்று ஆரம்பித்தால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும் கண்ணுகளா. அதனால் சிங்கத்தை விட்டுவிடுவோம். ஒரு காட்டில் ஒரு கடை இருந்தது. கதை அந்தக் கடையைப் பற்றியதுதான்.

ஓடைக்கரையில், மருதமரத்தடியில் இருந்தது அந்தக் கடை. அதை நடத்தியவள் ஒரு கரடி. உடம்பெல்லாம் சடை சடையாக முடி தொங்கியதால் காட்டில் எல்லோருக்கும் அவள் சடையக்கா. தேன், சுக்கு, திப்பிலி, நெல்லிக்காய், கிழங்கு எல்லாம் அவளிடம் கிடைக்கும். காட்டில் காசு ஏது? வருகிறவர்கள் தங்களிடம் இருக்கிற தானியத்தையோ பழத்தையோ கொடுத்துவிட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு போவார்கள். நரியும் முயலும் ஒரே வரிசையில் எப்படி நிற்கும் என்று கேட்காதீர்கள். மருதமர நிழலில் யாரும் யாரிடமும் பல்லைக் காட்டக் கூடாது. அது அந்தக் காட்டுச் சட்டம்.

சடையக்காவுக்குக் கண் மங்கல். பத்தடி தள்ளி நிற்பது மானா மரமா என்று தெரியாது. ஆனால் மூக்கு இருக்கிறதே, அது படு கூர்மை. ஞாபகமோ அதைவிடக் கூர்மை. யார் வந்தாலும் பொருளை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். போன தடவை வாங்கிய சுக்கில் சளி குறைந்ததா, கிழங்கு கசந்ததா, கோபித்துக்கொண்டு போன அண்ணன் வீடு திரும்பினானா என்று ஏதாவது ஒன்று. பதிலைக் கேட்ட பிறகுதான் அவள் கை பானைக்குள் போகும்.

கடைசியில் கொசுறும் உண்டு. அதுவும் ஆளுக்குத் தகுந்த கொசுறு. முயலுக்கு ஒரு கொத்து அறுகம்புல் என்றால், பல் விழுந்த கிழட்டுக் குரங்குக்குக் கனிந்த வாழைப்பழத்தில் பாதி.

இப்படிப் பேசிப் பேசிக் கொடுத்தால் வரிசை நகருமா? நகராது. நின்று நின்று கால் கடுத்தவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் வருவார்கள்.

ஒரு கோடையில், ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் புதுக் கடை ஒன்று முளைத்தது. அதன் முதலாளி வண்ணமுத்து என்கிற மயில். வாசலில் தோரணம் என்ன, பாட்டுப் பாடக் குயில் என்ன, ஒரே அமர்க்களம். கிளிகளை அனுப்பிக் காடு முழுக்க ஒரு சேதி சொல்லச் சொன்னான். முதன்முதலாகத் தன் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தொன்னை நிறைய நாவற்பழம் இலவசம். எதுவும் வாங்க வேண்டாம், வந்தால் போதும்.

ஓசியில் கிடைத்தால் எனக்கொண்ணு, எங்கப்பனுக்கொண்ணு என்று சும்மாவா சொன்னார்கள்? காடே ஓடையைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் நாக்கு ஊதாவாகும் வரை நாவற்பழம் கிடைத்தது. வந்ததுதான் வந்தோம் என்று பலர் சாமானும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முயல் செம்பாயி மறுபடியும் பாறைக்குப் போனாள். முதல் நாள் வாங்கிய பயறில் பூச்சி இருந்தது. அதைச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வண்ணமுத்து ஓடைத் தண்ணீரில் தன் தோகையைப் பார்த்தபடி நின்றான். நேற்று வாங்கிய பயறு என்று அவள் ஆரம்பித்தும் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"நேத்தே வந்துட்டியா? அப்படின்னா ஓரமா நில்லும்மா. புதுசா வர்றவங்க முன்னால வரட்டும்" என்றான்.

செம்பாயி ஓரமாக நின்றாள். வெயில் ஏறி, காது சுட்டது. யாரும் கூப்பிடவில்லை. வீடு திரும்புகிற வழியில் நரி நாட்ராயனிடம் சொல்லி அழுதாள். அவளுக்கு அப்படி ஒரு அவமானம்.

நாட்ராயன் பொல்லாத ஆள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பழைய ஆளுக்கு மரியாதை இல்லைன்னா, புது ஆளாவே போயிட்டாப் போச்சு" என்றான்.

அப்போதே ஓடைச் சேற்றில் புரண்டு, தலைமுதல் வால்வரை செம்மண் நிறமாகிப் பாறைக்குப் போனான். கிழக்கு மலையிலிருந்து வருவதாகச் சொன்னான். மயில் தோகையை நீவிக்கொண்டே வாங்க வாங்க என்று வரவேற்று, ஒரு தொன்னை பழத்தை நீட்டினான். அடுத்த நாள் நாட்ராயன் சாம்பலைப் பூசிக்கொண்டு மேற்கு மலையிலிருந்து வந்தான். அன்றும் பழம் கிடைத்தது.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? பன்றி கொடிகளைச் சுற்றிக்கொண்டு வந்தது. செம்பாயிகூட மரப்பட்டையைக் காதில் கட்டிக்கொண்டு வந்தாள். சிரிக்காதீர்கள், மான்கள் தங்கள் புள்ளிகளையே சேறு பூசி அழித்துக்கொண்டு வந்தன. தினமும் பாறைமேல் திருவிழாக் கூட்டம். யாரும் எதுவும் வாங்கவில்லை. பழத்தைத் தின்றார்கள், போனார்கள். வண்ணமுத்துவுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. உலகத்தில் இருக்கிற எல்லா மலையிலிருந்தும் தன்னைத் தேடி ஆள் வருகிறது என்று நினைத்துக்கொண்டான்.

இந்தப் பக்கம் மருதமரத்தடியில் ஈ ஆடியது. சடையக்காவுக்கு இரண்டு குட்டிகள், இன்னும் அம்மா முதுகைவிட்டு இறங்காத குட்டிகள். கோடையில் கடைக்கு வருகிற தானியமும் பழமும்தான் மழைக்காலத்தில் அவர்களுக்குச் சாப்பாடு. இந்த வருசம் பானைகள் காலி. மழை தொடங்குவதற்குள் ஆட்கள் திரும்பி வராவிட்டால், குட்டிகளைச் சுமந்துகொண்டு கணவாயைக் கடந்து அடுத்த காட்டுக்குப் பிழைக்கப் போக வேண்டும். அந்தக் கணவாயில் சிறுத்தைகள் படுத்திருக்கும். மருதமரத்துச் சட்டம் அவற்றுக்குச் செல்லாது.

மரத்தில் குடியிருந்த மைனா, நீயும் புது ஆட்களுக்குப் பரிசு கொடுத்துப் பாரேன் என்று யோசனை சொன்னது.

"புதுசா வர்றவங்களுக்கு மட்டும் கொடுத்தா, இத்தனை வருசமா வர்றவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றாள் சடையக்கா.

அவர்கள்தான் வருவதே இல்லையே என்று மைனாவுக்கு வாய்வரை வந்தது. உண்மையில் பலருக்கு மருதமரத்துக்குத் திரும்பிப் போக ஆசைதான். ஆனால் ஓசிப் பழத்துக்கு ஓடிப்போனவர்கள் எந்த முகத்தோடு போவார்கள்? வெட்கம் ஓடையைவிட அகலமாகக் குறுக்கே கிடந்தது.

அந்த நேரத்தில் நாட்ராயனின் குட்டிக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, மூச்சுவிடாமல் இருமியது. அன்றைக்குப் பூசிய சேறு காய்வதற்குள் நாட்ராயன் பாறைக்கு ஓடினான். குட்டிக்கு எந்தத் தேன் கொடுக்கலாம் என்று கேட்டான். மயில் பழத்தொன்னையை நீட்டினான்.

"பழம் வேணாங்க. நான் புது ஆளே இல்லை, தினமும் வர்றவன்தான். குட்டிக்கு முடியலைங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டான் நாட்ராயன்.

"அப்படியா? அப்படின்னா ஓரமா நில்லுங்க" என்றான் மயில்.

நாட்ராயன் நிற்கவில்லை. ஓடையைத் தாண்டினான். ஆனால் மருதமரம் நெருங்க நெருங்கக் கால் கூசியது. உடம்பில்தான் சேறு இருக்கிறதே, அடையாளம் தெரியாது என்று தைரியம் சொல்லிக்கொண்டான். கடைமுன் நின்று, குரலை மாற்றிக்கொண்டு, தான் கிழக்கு மலையிலிருந்து வருகிற வழிப்போக்கன் என்றான்.

சடையக்கா ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"என்ன நாட்ராயா, சின்னவனுக்கு மறுபடியும் இருமலா?"

நாட்ராயன் மாற்றிய குரலை விட்டுவிட்டான். எப்படித் தெரிந்தது என்று மெல்லக் கேட்டான்.

"போன மழைக்கும் இப்படித்தான் ஓடி வந்தே. மூச்சு வாங்குறதே சொல்லுதே. அப்புறம், சேத்தைப் பூசிக்கிட்டா நீ வேற ஆளாயிடுவியா?"

ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. புதுத் தேன் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, பழைய தேனில் திப்பிலியைக் குழைத்துக் கொடு என்று சொல்லி, கட்டிய மூட்டையை அவிழ்த்து அதிலிருந்து ஒரு குடுவைத் தேனை எடுத்தாள். கொசுறாக ஒரு வெள்ளரிப்பிஞ்சை வைத்தாள். "இது உனக்கு. நேத்திலிருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டே" என்றாள்.

எதற்கு மூட்டை என்று நாட்ராயன் கேட்டான். முதல் மழை விழுந்ததும் கணவாய் வழியாகக் கிளம்பப்போவதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். அந்தத் தேன் குட்டிகளின் வழிச்சாப்பாடு என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பொல்லாத நரிதான். ஆனாலும் வீடு போகும்வரை அழுதுகொண்டேதான் போனான்.

விடியும்போது குட்டியின் இருமல் அடங்கியிருந்தது. வானத்தில் கருமேகம் திரண்டிருந்தது. நாட்ராயன் நேராகப் பாறைக்கு ஓடினான். வரிசையில் நின்றவர்களிடம் சடையக்கா காட்டைவிட்டுப் போகப்போகிறாள், வந்து தடுங்கள் என்று கெஞ்சினான்.

என்ன ஆயிற்று தெரியுமா? ஒருவரும் அசையவில்லை. அசைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. யார் அந்தச் சடையக்கா, நான் வடக்கு மலை என்றது பன்றி. மான்கள் தெற்கு மலை என்றன. செம்பாயி மரப்பட்டைக் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். தந்திரம் சொல்லிக்கொடுத்த நாட்ராயனுக்கே அந்தத் தந்திரத்தை அவிழ்க்கத் தெரியவில்லை.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. சடசடவென்று கொட்டிய மழையில் சேறு கரைந்தது, சாம்பல் ஓடியது, கொடியும் பட்டையும் கழன்று விழுந்தன. வடக்கு மலைக்காரரும் தெற்கு மலைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லாம் பக்கத்துப் புதர்க்காரர்கள்தான். மயிலும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கடைக்கு வந்தவர்களின் முகத்தைப் பார்த்தான்.

"அப்போ, புதுசா யாருமே வரலையா?" என்றான்.

"முதல் நாள் வந்தவங்கதான் எல்லாரும். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் செம்பாயி. சொல்லிவிட்டு ஓடையை நோக்கி ஓடினாள். அவள் பின்னால் எல்லோரும் ஓடினார்கள்.

சடையக்கா குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, மூட்டையைத் தூக்கி, கணவாய்ப் பாதையில் கால் வைத்துவிட்டாள். செம்பாயி முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடிவந்திருந்தாள்.

"அக்கா, சுக்கு தீர்ந்துபோச்சு" என்றாள்.

சடையக்கா மழையில் மூக்கை உயர்த்தினாள். எதிரே வரிசையாக யார் யார் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துபோனது. மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சின்னவளுக்குப் பல் முளைச்சிடுச்சா, செம்பாயி?" என்று கேட்டாள்.

அன்றே ஆளுக்குக் கொஞ்சமாகத் தானியமும் பழமும் கொண்டுவந்து கொடுத்துச் சாமான் வாங்கினார்கள். வரிசை வழக்கம்போல நகரவே இல்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லை. மாலைக்குள் பானைகள் பாதி நிறைந்துவிட்டன.

மழை விட்ட ஒரு நாள், வரிசையின் கடைசியில் வண்ணமுத்து வந்து நின்றான். தோகை நனைந்து தரையில் இழுபட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முறை வந்ததும், தான் இந்தக் கடைக்குப் புதிது என்று தலைகுனிந்து சொன்னான். மைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சடையக்கா சிரிக்கவில்லை. காதைச் சாய்த்து அவன் நடந்து வந்ததைக் கேட்டிருந்தாள்.

"இடது காலை ஊன்றாம நடக்கிறியே தம்பி. முள்ளா?"

முள்தான். கடை திறந்த நாளிலிருந்து குத்திக்கொண்டிருந்தது. அவன் தோகையைப் பார்க்காத கண் அந்தக் காட்டில் இல்லை. காலைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சடையக்கா முள்ளை எடுத்து, மஞ்சளும் தேனும் குழைத்துப் பூசி, நாளைக்கு வந்து காட்டிவிட்டுப் போ என்று அனுப்பினாள்.

மறுநாள் வண்ணமுத்து வந்து காட்டினான். அதற்கு மறுநாளும் வந்தான். கால் நன்றாக ஆறியிருந்தது, வாங்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் வரிசையின் கடைசியில் போய் நின்று, அவள் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தான்.

நீதி: இலவசம் ஒரு நாள் வரவழைக்கும், நம்மை மறக்காதவர் வாசலுக்குத்தான் கால் தானாகத் திரும்பும்.